நான்கு தபால்தலைகளில் அரியலூர்

தபால்தலை சேகரிப்பு என்றதும் பலருக்கும் இரண்டில் ஒன்றுதான் நினைவுக்கு வரும். வெளியூர்க் கடிதத்தின் மூலையைக் கிழித்து, சோற்றுப் பசை வைத்து நோட்டில் ஒட்டிய பள்ளிக்கூடக் காலம் ஒன்று. லட்சக்கணக்கில் ஏலம் போகும் அரிய தலையைப் பற்றிய செய்தி இன்னொன்று. முதலாவது அநேகமாக எட்டாம் வகுப்போடு முடிந்துபோகிறது. இரண்டாவது நம் சட்டைப்பைக்கு எட்டாது.

இரண்டும் இல்லாமல் மூன்றாவது ஒரு வழி இருக்கிறது. சொந்த ஊரை எடுத்துக்கொண்டு, சுலபமாகக் கிடைக்கும் சில தலைகளை வைத்து அதன் வரலாற்றைப் படிப்பது. செலவு குறைவு, வேலை அதிகம். சுவாரசியம் அந்த வேலையில்தான் இருக்கிறது.

உதாரணத்துக்கு அரியலூரை எடுத்துக்கொள்வோம். சிமென்ட் ஆலை, சுண்ணாம்புக்கல் லாரி, முந்திரிக்காடு என்று வெளியூர்க்காரர்கள் அடையாளம் சொல்லும் மாவட்டம். அதற்கென்று ஓர் ஆல்பம் தொடங்க நான்கு தலைகள் போதும்: 1949-இல் வந்த நடராசர், 1951-இல் வந்த ஒரு பழங்கால யானை, 1966-இல் வந்த லால் பகதூர் சாஸ்திரி, 2006-இல் வந்த உ.வே.சாமிநாதையர். இவற்றில் எதிலும் அரியலூர் என்ற பெயர் இல்லை. ஆனாலும் நான்கையும் சேர்த்துப் படித்தால் கடல், சோழர், தமிழ், ரயில் என்று அரியலூரின் நான்கு காலங்கள் கிடைக்கின்றன.

ஒரு தலை, இரண்டு தேதிகள்

தபால்தலையைப் படிக்க ஒரே ஒரு பழக்கம் வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். ஒவ்வொரு தலைக்கும் இரண்டு தேதிகள் உண்டு. அதில் படமாக இருக்கும் ஆளோ பொருளோ சம்பவமோ எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்பது முதல் தேதி. அரசாங்கம் அதைத் தலையாக வெளியிட்ட நாள் இரண்டாவது தேதி. முதல் தேதி வரலாற்றைச் சொல்லும். இரண்டாவது தேதி, அந்த வரலாறு யாருக்கு, எப்போது, எதற்காகத் தேவைப்பட்டது என்று கேட்க வைக்கும்.

தலையில் ஆண்டு அச்சாகவில்லை என்றால்கூட இரண்டாவது தேதியை ஓரளவு ஊகிக்கலாம். விலையைப் பாருங்கள். அணாவில் இருந்தால் 1957 ஏப்ரல் 1-க்கு முந்தையது. அன்றுதான் ஒரு ரூபாய்க்கு 16 அணா என்ற கணக்கு போய், 100 நயா பைசா என்ற கணக்கு வந்தது. நயா பைசா என்று இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. 1964-இல் ‘நயா’ கழன்று வெறும் பைசா ஆனது.

அந்த விலைகளே ஒரு கதை. 1951-இல் சாதாரணக் கடிதத்துக்கு ஒட்டிய தலை 2 அணா, அதாவது பன்னிரண்டரை பைசா. 1960-இல் வெளியான திருவள்ளுவர் தலையும் பாரதி தலையும் 15 நயா பைசா. 1966-இல் சாஸ்திரி 15 பைசா. 2006-இல் உ.வே.சா. 5 ரூபாய். கடிதக் கட்டணத்துக்கு ஏற்றபடி நினைவுத் தலைகளின் விலையை வைப்பது வழக்கம் என்பதால், தலைகளை ஆண்டுவாரியாக அடுக்கினாலே கட்டணம் ஏறிய கதையும் கூடவே வந்துவிடும்.

யானைத் தலையும் அரியலூர்க் கடலும்

1951 ஜனவரி 13 அன்று இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் நூற்றாண்டுக்கு ஒரு தலை வெளியானது. விலை 2 அணா. நீண்ட தந்தங்களோடு நிற்கும் இரண்டு விலங்குகள் படத்தில் இருக்கின்றன. ஸ்டெகோடான் கணேசா என்பது அதன் அறிவியல் பெயர். யானைக் குடும்பத்தின் அழிந்துபோன உறவு. அதன் எலும்புகள் வடக்கே சிவாலிக் மலைப் பகுதியில் கிடைத்தவை. அழிந்துபோன தொல்விலங்கைக் காட்டிய முதல் தலைகளில் ஒன்றாக உலகெங்கும் உள்ள சேகரிப்பாளர்கள் இதைத் தேடுகிறார்கள்.

சிவாலிக் யானைக்கும் அரியலூருக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. தொடர்பு அந்தத் துறையின் வழியாக வருகிறது. 1851-இல் தொடங்கிய அந்தத் துறை தன் ஆரம்ப ஆண்டுகளிலேயே ஆய்வு செய்த நிலங்களில் அன்றைய திருச்சி ஜில்லாவும் ஒன்று. எச்.எஃப்.பிளான்ஃபோர்டு என்ற நிலவியலாளர் இந்தப் பகுதியின் பாறைகளை வகைப்படுத்தி எழுதிய அறிக்கை 1862-இல் வெளியானது. பாறை அடுக்குகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக அவர் பிரித்தார். அன்றிலிருந்து அரியலூர் என்ற பெயர் உலகெங்கும் நிலவியல் புத்தகங்களில் புழங்குகிறது.

ஏன் இந்த மண்ணுக்கு அவ்வளவு மதிப்பு? கிரீடேசியஸ் காலத்தில், அதாவது சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் தொடங்கி, கடல் உள்ளே புகுந்து இந்தப் பகுதியை மூடியிருந்தது. அந்தக் கடலில் வாழ்ந்த அம்மோனைட்டுகள், சிப்பிகள், கடல் முள்ளெலிகள், சுறாக்களின் பற்கள் எல்லாம் கல்லாகி இங்கே கிடக்கின்றன. இன்று சிமென்ட் ஆலைக்குப் போகும் சுண்ணாம்புக்கல்லும் அந்தக் கடலின் மிச்சமே. வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் போனால் இவற்றை நேரில் பார்க்கலாம்.

இதே பக்கத்தில் பெரம்பலூரையும் சேர்த்துக்கொள்ளலாம். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டருக்கும் மேல் நீளமுள்ள கல்மரம் ஒன்று படுத்துக் கிடக்கிறது. 1940-இல் அதை வெளியுலகுக்குத் தெரியப்படுத்தியவர் நிலவியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன். யானைத் தலை வெளியான அதே 1951-இல் அவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் இயக்குநரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான். தலையில் அவர் படம் இல்லை. ஆனால் தலையின் இரண்டாவது தேதியைத் துரத்திப் போனால் அவரிடம் வந்து சேர்கிறோம். நூறாண்டுகளாக வெள்ளைக்காரர்கள் தலைமை வகித்த துறை, நூற்றாண்டு விழா ஆண்டில் ஓர் இந்தியர் கைக்கு வந்தது.

இந்தப் பக்கத்தில் எழுத இன்னும் இரண்டு செய்திகள் உண்டு. அரியலூர்ப் பகுதியின் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து 1987-இல் ப்ருஹத்காயோசாரஸ் என்ற டைனோசருக்குப் பெயர் சூட்டினார்கள். மிகப் பெரிய உடல்வாகு கொண்டது என்று கருதப்படும் விலங்கு. ஆனால் அந்த எலும்புகள் சிதைந்துபோய்விட்டதால் அதன் அளவை இனி யாரும் சரிபார்க்க முடியாது. அடுத்தது 2020 அக்டோபரில் நடந்தது. பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஏரி தோண்டியபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைக்க, டைனோசர் முட்டை என்று செல்போன்களில் படம் பறந்தது. வந்து பார்த்த நிலவியலாளர்கள் அவை முட்டைகள் அல்ல, அம்மோனைட்டுகளைச் சுற்றிப் படிந்து இறுகிய உருண்டைகள் என்றார்கள். சேகரிப்பவருக்கு இரண்டிலும் பாடம் இருக்கிறது. பொருளைப் பத்திரப்படுத்தாவிட்டால் சான்று போய்விடும். பார்த்த மாத்திரத்தில் பெயர் வைத்தால் தப்பாகிவிடும்.

நடராசரின் முதுகில் நட்சத்திரம்

அடுத்தது 1949 ஆகஸ்டு 15 அன்று வெளியான வரிசை. தினசரிப் பயன்பாட்டுக்காகத் திரும்பத் திரும்ப அச்சிடப்படும் தலைகள் ஒரு வகை. ஒரு நிகழ்ச்சிக்காகவோ ஒருவருக்காகவோ ஒருமுறை மட்டும் அச்சாகும் நினைவுத் தலைகள் இன்னொரு வகை. 1949 வரிசை முதல் வகை. அஜந்தா யானை, கொனாரக் குதிரை, சாஞ்சி, தாஜ்மகால், குதுப் மினார் என நாட்டின் தொல்லியல் செல்வங்கள் வரிசையாக வந்தன. அதில் 2 அணாத் தலையில் இருப்பவர் நடராசர்.

நடராசர் என்றால் சோழர் காலச் செப்புத் திருமேனிதான் உலகத்தின் கண்ணுக்கு முன்னால் வருகிறது. அந்தச் சோழர்களில் முதலாம் ராஜேந்திரன் கட்டிய தலைநகரம் கங்கைகொண்ட சோழபுரம், இன்றைய அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு சோழர்களின் தலைநகராக இருந்த ஊர். அங்குள்ள கோயிலை 2004-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அந்தத் தகுதி 1987-லேயே கிடைத்திருந்தது. கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் சுவரில் கல்லில் செதுக்கிய ஆடல்வல்லான் இருக்கிறார். அவர் காலடியருகே, எலும்பும் தோலுமாக உட்கார்ந்து தாளம் போடுகிறார் காரைக்கால் அம்மையார். 2 அணாத் தலையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சிற்பத்தின் முன் நின்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே வடிவம் கல்லில் எப்படி, செம்பில் எப்படி, கட்டைவிரல் அளவுக் காகிதத்தில் எப்படி என்பது விளங்கும்.

இப்போது இரண்டாவது தேதிக்கு வருவோம். 1949 ஆகஸ்டில் இந்தியா சுதந்திர நாடு, ஆனால் குடியரசு ஆகவில்லை. சட்டப்படி ஆறாம் ஜார்ஜ்தான் இன்னும் மன்னர். 1950 ஜனவரி 26-க்கு ஐந்து மாதத்துக்கும் மேல் பாக்கி இருந்தது. அதற்குள் கடிதங்களில் மன்னர் தலை இருந்த இடத்துக்கு நடராசரும் போதிசத்துவரும் வந்துவிட்டார்கள். அரசியல் சட்டம் சொல்வதற்கு முன்பே தபால்தலை அதைச் சொல்லிவிட்டது.

ஆனால் தலையைத் திருப்பிப் பார்த்தால் வேறு கதை. கறுப்புத் தட்டின் மேல் கவிழ்த்து வைத்தோ, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தோ பார்த்தால் காகிதத்துக்குள் சின்னச் சின்ன நட்சத்திரங்கள் மங்கலாகத் தெரியும். நீர்க்குறி என்று சொல்வது இதைத்தான். கள்ளத் தலைகளைத் தடுக்கக் காகிதம் செய்யும்போதே அதில் பதிக்கும் அடையாளம். இந்த நட்சத்திர நீர்க்குறி மன்னர்களின் தலைகளுக்குப் பயன்பட்ட அதே அடையாளம். அசோகர் தூண் நீர்க்குறி வந்தது 1958-இல். ஆக, முன்பக்கத்தில் மன்னர் போன பிறகும் உள்ளே இருந்த காகிதம் ஒன்பது ஆண்டுகள் பழைய ஆட்சியின் காகிதமாகவே இருந்தது. ஆட்சி மாற்றம் எப்படி நடக்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் சான்று கிடைப்பது கடினம்.

ராஜேந்திரனைப் பற்றிய பக்கத்தில் சமீபத்திய ஒரு சேதியையும் குறித்துக்கொள்ளலாம். 2025 ஜூலை 27 அன்று கங்கைகொண்ட சோழபுரத்தில் நடந்த ஆடித் திருவாதிரை விழாவில் பிரதமர் அவருக்கு நினைவு நாணயம் வெளியிட்டார். நாணயத்துக்கும் இரண்டு தேதிகள் என்ற கணக்கு அப்படியே பொருந்தும்.

உ.வே.சா. படித்த ஊர்கள்

உ.வே.சாமிநாதையர் என்றால் உத்தமதானபுரம், கும்பகோணம், திருவாவடுதுறை, சென்னை என்றுதான் நினைவுக்கு வரும். 2006 பிப்ரவரியில் வெளியான 5 ரூபாய்த் தலையைப் பார்த்ததும் அரியலூரை யாரும் நினைக்கமாட்டார்கள். ஆனால் அவர் பிள்ளைப் பருவத்தின் ஒரு பகுதி இந்தச் சீமையில் கழிந்தது. தந்தை வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். ஆதரிப்பவர்கள் இருக்கும் ஊர்களில் தங்கி வாழ்ந்த குடும்பம். அரியலூர் சடகோபையங்காரிடம் பாடம் கேட்டதையும், குன்னத்தில் தங்கிப் படித்ததையும், செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பிலக்கணம் பயின்றதையும் ‘என் சரித்திரம்’ நூலில் அவரே விரிவாகச் சொல்கிறார். குன்னமும் செங்கணமும் இன்று பெரம்பலூர் மாவட்டத்தில் உள்ளன. ஏரிக்குள் அம்மோனைட் உருண்டை கிடைத்ததும் இதே குன்னம்தான். இந்த ஊர்களில் அடித்தளம் போட்டுக்கொண்டுதான் அவர் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தார். பிறகு 1887-இல் சீவக சிந்தாமணி, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு என்று அவர் பதிப்பித்தவை வரிசையாக வந்தன.

ஆல்பத்துக்கு இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒருவரைப் பற்றிய தலையை அவர் பிறந்த ஊருக்கோ புகழ்பெற்ற ஊருக்கோ மட்டும் சொந்தமாக்கிவிடக் கூடாது. அவர் எங்கே படித்தார், யாரிடம் படித்தார், எந்த ஊர் அவருக்குச் சோறு போட்டது என்று கேட்டால், புகழ் வெளிச்சம் படாத ஊர்களும் வாத்தியார்களும் வெளியே வருவார்கள். விருத்தாசல ரெட்டியாருக்குத் தலை இல்லை. ஆனால் அவர் மாணவருக்கு இருக்கிறது. அந்தத் தலைக்குக் கீழே ரெட்டியார் பெயரை எழுதிவைப்பது உங்கள் பொறுப்பு.

இரண்டாவது தேதி இங்கே கொஞ்சம் எச்சரிக்கையோடு அணுக வேண்டியது. உ.வே.சா. மறைந்தது 1942 ஏப்ரல் 28. தலை வந்தது 2006-இல். இடையில் 64 ஆண்டுகள். தமிழுக்குச் செம்மொழித் தகுதி அறிவிக்கப்பட்டது 2004 அக்டோபரில். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று சட்டென்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். அடுத்தடுத்து நடந்ததாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. சான்று கிடைக்கும்வரை அதைக் கேள்வியாகவே, கேள்விக்குறியோடு எழுதிவைப்பதுதான் வரலாற்று ஒழுக்கம்.

சாஸ்திரியும் மருதையாறும்

நான்காவது தலை எளிமையானது. சாஸ்திரியின் முகம், 15 பைசா, வெளியான நாள் 1966 ஜனவரி 26. அவர் தாஷ்கண்டில் இறந்தது ஜனவரி 11. பதினைந்தே நாளில் தலை வந்துவிட்டது. உ.வே.சா.வுக்கு 64 ஆண்டுகள், பதவியில் இருந்து மறைந்த பிரதமருக்கு 15 நாட்கள். இரண்டாவது தேதி எவ்வளவு பேசும் என்பதற்கு இந்த இரண்டு தலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும்.

அரியலூரில் சாஸ்திரியின் பெயர் இன்னொரு தேதியோடு சேர்ந்தே நினைக்கப்படுகிறது: 1956 நவம்பர் 23. சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்ற எக்ஸ்பிரஸ் ரயில், விடியலுக்கு முன் அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையே மருதையாற்றுப் பாலத்தில் விழுந்தது. கனமழையால் ஆற்றில் வெள்ளம் கரை புரண்டுகொண்டிருந்த நேரம். எஞ்சினும் பெட்டிகளும் தண்ணீருக்குள் போயின. 140-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அப்போது ரயில்வே அமைச்சராக இருந்தவர் சாஸ்திரி. அதே ஆண்டில் சில மாதங்களுக்கு முன்பு மகபூப்நகரில் நடந்த ரயில் விபத்துக்குப் பொறுப்பேற்று அவர் ராஜினாமாக் கடிதம் கொடுத்தபோது பிரதமர் நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு மறுபடியும் கொடுத்தார். இந்த முறை ஏற்கப்பட்டது. அமைச்சர் ஒருவர் தார்மீகப் பொறுப்பேற்று விலகுவது பற்றி இன்றைக்குப் பேச்சு எழும்போதெல்லாம் எடுத்துக்காட்டாக வருவது அந்த ராஜினாமா.

தலையில் இதெல்லாம் இல்லை. முகம் மட்டும்தான். நினைவுத் தலைகள் பெரும்பாலும் அப்படித்தான்: தலைவரைக் காட்டும், அவரை அந்த இடத்துக்குக் கொண்டுவந்த துயரத்தைக் காட்டாது. விடுபட்டதை எழுதும் இடம் உங்கள் ஆல்பத்தின் பக்கம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அன்றைக்கு என்ன கேள்விப்பட்டார்கள் என்று கேட்டு, சொன்னவர் பெயரோடும் சொன்ன தேதியோடும் குறித்துவையுங்கள்.

முத்திரையும் முகவரியும்

தலையைவிட அதன் மேல் விழுந்த போஸ்டாபீஸ் சீல் சில நேரம் அதிகம் பேசும். ஊரும் தேதியும் அதில் இருக்கின்றன. அதனால் பழைய கடிதம் கிடைத்தால் தலையை மட்டும் பிய்த்து எடுக்காதீர்கள். முத்திரை தெளிவாக இருந்தால் உறையை முழுசாகவே வையுங்கள்.

இந்தப் பகுதியின் உறைகளில் முகவரியே ஒரு காலண்டர். நெடுங்காலம் இது திருச்சி மாவட்டம். 1995-இல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தபோது அரியலூர் அதற்குள் போனது. 2001-இல் அரியலூர் தனி மாவட்டமானது. 2002-இல் மறுபடி பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டது. 2007 நவம்பர் 23 அன்று மறுபடியும் தனி மாவட்டம். ரயில் விபத்து நடந்த அதே நவம்பர் 23, தற்செயலாக அமைந்தது. ஆக, ‘அரியலூர், பெரம்பலூர் மாவட்டம்’ என்று முகவரி இருந்தால் அந்தக் கடிதம் எந்த ஆண்டுகளுக்கு உரியது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

பின்கோடு வந்தது 1972 ஆகஸ்டு 15. அரியலூர் 621704, பெரம்பலூர் 621212, ஜெயங்கொண்டம் 621802. மூன்றும் 621-இல் தொடங்குவதைக் கவனியுங்கள். அது பழைய திருச்சி மாவட்டத்தின் கிராமப்புறங்களுக்கான எண். வருவாய்த் துறை மாவட்டத்தைப் பிரித்து, சேர்த்து, மறுபடி பிரித்துவிட்டது. தபால் துறையின் எண் மட்டும் இன்னும் திருச்சியை விடவில்லை.

ஒரு பயிற்சி செய்து பார்ப்போம். தேதி முத்திரை மசியாக அப்பிப் போன ஓர் உறை. முகவரி: அரியலூர், திருச்சி மாவட்டம். பின்கோடு இல்லை. 15 பைசாவுக்கு ஒரு தலை, அதில் நயா என்ற சொல் இல்லை. திருச்சி மாவட்டம் என்பதால் 1995-க்கு முன். பின்கோடு இல்லாததால் பெரும்பாலும் 1972-க்கு முன். நயா இல்லாததால் 1964-க்குப் பின். உறைக் கடிதக் கட்டணம் 15 பைசாவிலிருந்து 20 பைசாவானது 1968-இல். ஆக, 1964-க்கும் 1968-க்கும் இடையில் எழுதிய கடிதம். உள்ளே இருப்பதைப் பிரித்துப் படிக்காமலே இவ்வளவு தூரம் வந்துவிட்டோம்.

தொடங்குவது எப்படி

முதலில் வீட்டுப் பரணையும் டிரங்குப் பெட்டியையும் பாருங்கள். கம்பியில் குத்தி வைத்த பழைய கடிதங்களில் நடராசரோ சாஸ்திரியோ இருக்க வாய்ப்பு உண்டு.

தலையை உறையிலிருந்து எடுக்கும் முறை இது. சுற்றிலும் கொஞ்சம் காகிதம் விட்டு வெட்டுங்கள். சாதாரணத் தண்ணீரில் 15, 20 நிமிடம் மிதக்க விடுங்கள். கோந்து இளகித் தலை தானாக நழுவும்; நழுவாவிட்டால் இன்னும் சற்று நேரம் விட வேண்டுமே தவிர உரிக்கக் கூடாது. பிறகு வெள்ளைத்தாளில் கவிழ்த்து நிழலில் உலர்த்தி, கனமான புத்தகத்துக்குள் ஓர் இரவு வையுங்கள். நிறக் காகிதத்தில் ஒட்டிய தலைகளைத் தனித் தண்ணீரில் ஊறப்போடுங்கள். சாயம் இறங்கினால் எல்லாம் கெட்டுவிடும். ஒட்டுத்தாள் வகையில் வரும் புதிய தலைகளுக்கு இந்த முறை ஒத்துவராது. அவற்றைக் காகிதத்தோடு வெட்டி வைப்பதே நல்லது.

விரலால் தொடாதீர்கள். முனை தட்டையான இடுக்கி வாங்கிக்கொள்ளுங்கள். ஓரத்துப் பற்களில் ஒன்று போனாலும் தலையின் மதிப்பு இறங்கும். பசை, செல்லோடேப் இரண்டும் ஆகவே ஆகாது. தலையைச் செருகி வைக்கும் ஸ்டாக் புக் கடைகளில் கிடைக்கிறது. நம் ஊரில் முக்கிய எதிரிகள் ஐப்பசி, கார்த்திகை ஈரமும் இராமபாணப் பூச்சியும்தான். ஸ்டாக் புக்கைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வையுங்கள், பரணில் வைக்காதீர்கள், மாதம் ஒருமுறை பிரித்துக் காற்றாட விடுங்கள்.

புதிய தலைகளுக்குத் திருச்சி தலைமை அஞ்சலகத்தில் உள்ள பிலாட்டலி பீரோ பக்கம். அஞ்சல் துறையில் பிலாட்டலி டெபாசிட் கணக்கு ஒன்று தொடங்கினால் புதுத் தலைகள் வீட்டுக்கே வரும்; குறைந்தது 200 ரூபாய் கட்ட வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓர் உதவித்தொகையும் உண்டு. 2017-இல் தொடங்கிய தீன்தயாள் ஸ்பர்ஷ் திட்டத்தில், ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை வினாடி-வினா, தபால்தலை பற்றிய ஒரு செயல்திட்டம் இவற்றின் மூலம் தேர்ந்தெடுத்து ஆண்டுக்கு 6,000 ரூபாய் தருகிறார்கள். பள்ளியின் பிலாட்டலி கிளப்பில் உறுப்பினராகவோ சொந்த டெபாசிட் கணக்கு உள்ளவராகவோ இருக்க வேண்டும். மேலே சொன்ன நான்கு தலைகளே ஒரு செயல்திட்டத்துக்குப் போதுமான சரக்கு.

விலை பற்றி ஒரு வார்த்தை

பழையது எல்லாம் விலைமதிப்பானது என்பது தப்பு எண்ணம். கோடிக்கணக்கில் அச்சான தலை நூறாண்டு ஆனாலும் மலிவாகவே இருக்கும். விலை ஏறுவது எண்ணிக்கை குறைவாக இருந்தால்தான். 1948 ஆகஸ்டு 15 அன்று காந்தியடிகளுக்கு வெளியான நான்கு தலைகள் சுவிட்சர்லாந்தில் அச்சானவை. அவற்றில் சுமார் 100 செட்டுகளில் மட்டும் கவர்னர் ஜெனரல் அலுவலகத்துக்காக ‘சர்வீஸ்’ என்று மேலச்சிட்டார்கள். பெரும் விலைக்குப் போவது அந்தச் சர்வீஸ் காந்தி. அதனாலேயே சாதாரணக் காந்தித் தலையில் பின்னால் அந்த எழுத்தை அச்சிட்டு ஏமாற்றும் வேலையும் உண்டு. பின்பக்கக் கோந்தைப் புதிதாகப் பூசுவது, முத்திரையைக் கழுவிப் புதுத்தலை என்பது, அறுந்த பல்லைத் திரும்ப வெட்டுவது எல்லாம் இந்தத் தொழிலில் பழைய வித்தைகள். யாராவது அரிய தலையைக் குறைந்த விலைக்குக் கொடுத்தால், வாங்குவதற்கு முன் விவரம் தெரிந்த இரண்டு பேரிடம் காட்டுங்கள்.

முதலீடாக நினைத்து இதில் இறங்குவதில் அர்த்தமில்லை. நாம் சொன்ன நான்கு தலைகளில் எதுவும் உங்களைப் பணக்காரராக்காது.

ஒரு பக்கத்தில் என்ன எழுத வேண்டும்

ஒரு தாளுக்கு ஒரு தலை போதும். மேலே தலையைச் செருகுங்கள். அதன் கீழே, படத்தில் இருப்பது யார் அல்லது என்ன, எந்தக் காலம். வெளியான நாள், விலை. ஊரோடு என்ன தொடர்பு. அந்தத் தொடர்பை எந்தப் புத்தகத்தில் படித்தீர்கள், யாரிடம் கேட்டீர்கள். கடைசியாக ஒரு கேள்வி: இந்தத் தலையில் யார் இல்லை?

அந்தக் கடைசிக் கேள்வியை நம் நான்கு தலைகளிடமும் கேட்டுப் பாருங்கள். ஒரு தெய்வம், இரண்டு விலங்குகள், இரண்டு ஆண்கள். பெண் ஒருத்திகூட இல்லை. கங்கைகொண்ட சோழபுரத்துக் கல்லில் உட்கார்ந்திருக்கும் காரைக்கால் அம்மையார் 2 அணாக் காகிதத்துக்கு வந்து சேரவில்லை. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை செய்தவர் இல்லை. மருதையாற்று ரயிலில் பயணம் செய்தவர் இல்லை. ரெட்டியார் இல்லை, கிருஷ்ணன் இல்லை.

எதை நினைவில் வைப்பது என்று நாடு எடுத்த முடிவு தலையின் முன்பக்கத்தில் இருக்கிறது. ஊர் எதை நினைவில் வைத்திருக்கிறது என்பது அதன் கீழே நீங்கள் எழுதும் ஐந்தாறு வரிகளில் இருக்கும். இரண்டும் பல இடங்களில் ஒத்துப்போகாது. ஒத்துப்போகாத இடத்தில்தான் கேட்க வேண்டிய கேள்விகள் கிடைக்கின்றன. அரியலூர்க்காரர் இல்லையென்றால் உங்கள் தாலுகாவை வைத்துத் தொடங்குங்கள். முதல் தலையைத் தேடுவதற்கு முன்னால் ஊரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த நான்கு விஷயங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தலைகளைத் தேடிக் கண்டுபிடித்த பிறகு அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். பாதியையாவது அடித்துவிட்டு மறுபடி எழுத வேண்டியிருக்கும்.